மாவு கேட்ட தண்ணீர்

போன வாரம் சுமதி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிஸ்கட் கம்பெனியில் இப்போது அவர்தான் உற்பத்தி மேனேஜர். எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலே போனவர். வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, "சார், இந்த வருஷம் புது மாவு தண்ணியா குடிக்குது. உங்க காலத்துல இப்டி வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். வடக்கே கோதுமை விளைகிற பக்கமெல்லாம் வெயில் முன்கூட்டியே கொளுத்தியதை நானும் டி.வி.யில் பார்த்திருந்தேன். பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"ஊத்துறத அப்டியே எழுதுறீங்களாம்மா?"

"ஒரு நிமிஷம் சார்" என்றார், அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கேள்வி சரியான இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் ஊற்றியதை எழுதாமல் மாட்டிக்கொண்டவன்தான்.

நான் பென்னலூர்க்காரன். பெயர் சாமுவேல். ஐ.டி.ஐ. படித்தது ஃபிட்டருக்கு, வேலை கிடைத்தது மாவு பிசைய. இரும்பை அரத்தால் ராவக் கற்றுக்கொண்ட கையை மைதாவில் விட்டேன் என்று என் சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். இரண்டு வருஷம் ஹெல்பராக மூட்டை பிரித்தேன், சலித்தேன், மிக்ஸர் கழுவினேன். 1991இல் காலை ஷிஃப்டுக்கு மிக்ஸிங் ஆபரேட்டர் ஆனேன், ஆனால் தற்காலிகமாகத்தான். ஜூலையில் பர்மனென்ட் ஆர்டர் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பெயரை உலகமே உச்சரித்தது. அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த மாதம், யாருமே கவனிக்காத ஒரு விஷயம். அப்போது இந்தப் பக்கம் கார் கம்பெனியும் கிடையாது, செல்போன் கம்பெனியும் கிடையாது. பெங்களூர் ரோட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஷெட்டுகள், நடுவில் நெல் வயல்கள், ஏரிகள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் வயலில் நிற்கிறவர்களுக்கு பிஸ்கட் வாசனை அடிக்கும்.

மிக்ஸிங் வேலையை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒரு பேட்ச் என்றால் இரண்டு மூட்டை மைதா. முதலில் சர்க்கரையும் வனஸ்பதியும் நுரைக்க வேண்டும், பிறகு தண்ணீர், கடைசியில் மாவு. தண்ணீர் மூன்று வாளி, வாளிக்கு ஆறு லிட்டர், ஆக மொத்தம் பதினெட்டு. இதெல்லாம் பேட்ச் கார்டு என்ற மஞ்சள் அட்டையில் அச்சடித்தே இருக்கும். எதிரில் இருக்கும் கட்டத்தில் ஊற்றிய அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மிக்ஸர் நின்றதும் ஒரு பிடி மாவை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்போம். விரல் தடம் பதிய வேண்டும், கட்டை விரலால் தள்ளினால் பிளக்க வேண்டும். தடம் பதியாமல் உதிர்ந்தால் மாவு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

மிக்ஸிங் ஆட்களுக்கு இந்தக் கைதான் கர்வம். கார்டு என்பது ஆபீஸுக்கு, கை என்பது மாவுக்கு என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் எப்போதாவது மாவு கேட்டால் கொஞ்சம் கூட ஊற்றுவோம், கார்டில் மட்டும் பதினெட்டு என்றே எழுதுவோம். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே கிடையாது. கோவிலுக்குப் போனால் நெற்றியில் விபூதி பூசுவது மாதிரி அது ஒரு பழக்கம்.

எங்கள் மேனேஜர் சுடலைமுத்து சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், கையில் வெள்ளைக் கைக்குட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலை சரியாகப் பத்து மணிக்கு அடுப்பின் வாயிலிருந்து வருகிற பெல்ட் பக்கத்தில் வந்து நிற்பார். இடது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று மூன்று பிஸ்கட் எடுப்பார். முதலாவதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பார். ஏதோ வீணை வித்வான் தந்தி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் பிடித்திருந்தால் தலையை ஒரு தடவை ஆட்டுவார், பிடிக்கவில்லை என்றால் "இன்னொண்ணு" என்பார், அவ்வளவுதான். இரண்டாவது பிஸ்கட் டீயோடு போகும். மூன்றாவதைக் கைக்குட்டையில் பொதிந்து தன் அறைக்குக் கொண்டுபோய், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அலமாரியில் தேதியும் ஷிஃப்டும் எழுதிய சீட்டு மேல் வைப்பார். இரண்டு நாள் கழித்து அதை எடுத்து ஒடிப்பார். "இன்னைக்கு நல்லா பேசுதவன் நாளைக்கும் நல்லா பேசணும்லா" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

ஜூன் முதல் வாரத்தில் புது மாவு வந்தது. முதல் பேட்சிலேயே கையில் பிடித்தால் மணல் மாதிரி உதிர்ந்தது. அரை வாளி தண்ணீர் கூட ஊற்றினேன். மாவு குடித்துவிட்டு வெண்ணெய் மாதிரி உருண்டு வந்தது. கார்டில் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து எல்லா பேட்சுக்கும் மூன்றரை வாளி, எல்லா கார்டிலும் பதினெட்டு.

மதிய ஷிஃப்டில் இருந்தவர் பயந்த சுபாவம், கார்டில் உள்ளபடியே ஊற்றினார். அவருடைய பிஸ்கட்டுகள் அச்சிலிருந்து விழும்போதே ஓரம் உதிர்ந்தன. பாதி பெல்ட்டிலேயே கழிவாகப் போயிற்று. என்னுடையது வட்ட நிலா மாதிரி முழுசாக வந்தது. பலகையில் என் ஷிஃப்டின் உற்பத்தியை எழுதும்போது சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. பர்மனென்ட் ஆர்டர் பாதி வழி வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

பத்து நாள்தான். குன்றத்தூர்க் கடைகளிலிருந்து முதல் பெட்டி திரும்பி வந்தது. பிறகு தாம்பரத்திலிருந்து, பிறகு காஞ்சிபுரத்திலிருந்து. பாக்கெட் வெளியே பார்க்கப் புத்தம்புதுசு. பிரித்தால் உள்ளே ஒவ்வொரு பிஸ்கட்டும் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து கிடந்தது. எல்லா பாக்கெட்டிலும் காலை ஷிஃப்டின் முத்திரை. உடைசலைப் பைபையாகக் கட்டித் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த மாதம் பென்னலூரில் டீக்கு பிஸ்கட் தூள் போட்டுக் குடிக்காத வீடு இல்லை, எங்கள் தெரு ஆடுகள்கூட இலை தழையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அடுப்பிலிருந்து முழுசாக வந்தது பாக்கெட்டுக்குள் உடைந்திருந்தால் யார் மேல் பழி விழும்? பேக்கிங் மேல்தான். காலை ஷிஃப்டின் பேக்கிங் மேஜையில் பன்னிரண்டு பெண்கள். தலைவி பிள்ளைப்பாக்கம் காஞ்சனா அக்கா. பெல்ட்டில் வருகிற பிஸ்கட்டை ஒரே அள்ளாக அள்ளினால் கையில் சரியாகப் பதினாறு இருக்கும், அக்கா எண்ணி நான் பார்த்ததில்லை. வாயும் அப்படித்தான், ஒரே அள்ளில் பதினாறு பேரைக் கேலி செய்வார். பர்மனென்ட் யாருக்கும் கிடையாது, பன்னிரண்டு பேரும் தினக்கூலி. அக்கா வீட்டுக்காரர் ஏரிக்குக் கீழே குத்தகை நிலத்தில் நெல் போடுவார். ஏரி காய்ந்த வருஷம் வீட்டில் உலை கொதித்தது அக்காவின் இந்தப் பதினாறால்தான்.

தலைமை ஆபீஸிலிருந்து விற்பனை அதிகாரி ஒருவர் வந்தார். பேக்கிங் மேஜையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பேச்சும் சிரிப்புமாக வேலை செய்தால் பிஸ்கட் உடையாமல் என்ன செய்யும் என்றார். சனிக்கிழமையோடு பன்னிரண்டு பேரையும் நிறுத்திவிட்டுப் புது ஆட்களைப் போடச் சொன்னார். சுடலைமுத்து சார் மறுத்தும் பேசவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வரை நேரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை நான் கார்டுகளைக் கொடுக்க சார் அறைக்குப் போனேன். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முந்தின நாள்களில் உடைந்ததையெல்லாம் கைக்குட்டையில் பொதிந்ததால் உடைந்தது என்று விட்டிருந்தாராம், புதன்கிழமையதை மட்டும் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தாராம். புதன்கிழமை காலை ஷிஃப்டு சீட்டின் மேல் இருந்த பிஸ்கட்டில் நடுவிலிருந்து ஓரம் வரை தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். அவர் இரண்டு விரலால் தூக்கினார். தூக்கும்போதே அது சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி சீட்டின் மேலேயே கிடந்தது.

"ஏல சாமுவேல், இத நான்தான் பெல்ட்டுல இருந்து எடுத்தேன். எந்தப் பொம்பள கையும் படல, எந்த லாரியிலயும் ஏறல. பொறவு எப்படி ஒடைஞ்சுது?"

கையிலிருந்த கார்டுகளை மேஜையில் வைத்தேன். அவர் என் கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "தண்ணி பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. பிஸ்கட்டுக்குள் ஏறிய அந்த அரை வாளி அடுப்பில் முழுசாக வெளியேறவில்லை. ஓரம் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் நிற்கும். பாக்கெட்டுக்குள் அந்த ஈரம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக, ஓரம் உப்பும், நடு சுருங்கும், பிஸ்கட் தானாகவே பிளந்துவிடும். பயிற்சியின்போது ஒரு நாள் இதைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அப்போது கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன், இல்லை, விழித்துத்தான் இருந்திருக்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதைதான் என் கதை. வாயைத் திறக்காமல் இருந்தால் கார்டு என்னைக் காப்பாற்றும். ஜூலையில் ஆர்டர் வரும். அடுத்த வாரம் யாருக்கும் தெரியாமல் தண்ணீரைக் குறைத்துவிட்டால், புது ஆட்கள் வந்ததும் உடைசல் நின்றது என்றே எல்லோரும் பேசுவார்கள். இப்படியெல்லாம் நான் கணக்குப் போட்டேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் போட்டேன்.

டீ நேரத்தில் காஞ்சனா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாளையோடு முடிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னா சாமு, நாளைக்கி எங்களுக்கு டாட்டா காட்ட வருவியா? பன்னெண்டு பேரு கையும் ஒரே நேரத்துல கெட்டுப் போச்சாம்பா. எங்க வூட்டுல இனிமே சோறு கூட நான் போட வேணாம், தட்டு ஒடைஞ்சிடும்னு சொல்டாரு அவுரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நான்கு அடி தூரம்தான் இருந்தது. டம்ளரைக் கழுவாமலேயே வைத்துவிட்டு சார் அறைக்கு நடந்தேன்.

"சார், அது எல்லாம் பதினெட்டு இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தன?"

"இருபத்தொண்ணு சார். புது மாவு வந்ததுல இருந்து."

"யாரு ஊத்தச் சொன்னா?"

"மாவு கேட்டுது சார்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். "கேட்டா குடுக்க வேண்டியதுதான், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. கேட்டத எங்கிட்ட சொல்லணும்லா. நீ எனக்கும் சொல்லல, அடுப்புக்கும் சொல்லல. கூட மூணு லிட்டர் வந்திருக்குன்னு தெரியாம அடுப்பு பழைய வேகத்துலயே சுட்டுக்கிட்டு இருந்திருக்கு. பாவம்ல அது" என்றார். அடுப்புக்காக அவர் வருத்தப்பட்ட மாதிரி எனக்காக யாரும் அதுவரை வருத்தப்பட்டதில்லை.

பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு பேக்கிங் மேஜைக்கு வந்தார். உடைந்ததற்குக் காரணம் இவர்கள் கை இல்லை, மிக்ஸிங்கில் போன தண்ணீர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் காஞ்சனா அக்கா திட்டவில்லை, திருதிருவென்று விழித்தார்.

"சார், இவன் மட்டும் இல்ல சார். நாங்களும் ஒண்ணு பண்ணிட்டோம்."

விஷயம் இதுதான். அந்த ஜூன் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடுப்பின் வாயருகில் நிற்க முடியவில்லை. அவர்களுக்கென்று ஒரு பெரிய ஃபேன் வைத்திருந்தார்கள். அதை முகத்துக்கு நேராகத் திருப்பினால் சூடான பெல்ட்டின் மேல் அடித்த காற்றே முகத்தில் வீசியது. அதனால் பெல்ட்டுக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி, முதலில் பிஸ்கட் ஆறட்டும், அப்புறம் நாம் ஆறுவோம் என்று பெல்ட் மேலேயே அடிக்க விட்டிருந்தார்கள். சுடச்சுட வந்த பிஸ்கட்டின் மேல் காற்று பட்டதும் மேல்புறம் மட்டும் சட்டென்று ஆறியது. ஏற்கெனவே நடுவில் ஈரம், இப்போது மேலே அவசரம். பிளக்காமல் என்ன செய்யும்? நான் ஊற்றியது பாதி, அவர்கள் விசிறியது பாதி.

சுடலைமுத்து சார் அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். ஆனால் சிரிப்பு நின்றதும் அவர் கேட்ட கேள்வி யாருக்கும் தோன்றாதது. சாமுவேல் தப்பு செய்தான், நீங்கள் தப்பு செய்தீர்கள், சரி. மாவு எதற்காக மூன்று லிட்டர் கூடக் கேட்டது? பத்து வருஷமாகப் பதினெட்டில் திருப்தியாக இருந்த மாவுக்கு என்ன வந்தது?

அன்றைக்கே ஜீப் எடுத்துக்கொண்டு மாவு அரைக்கிற மில்லுக்குப் போனார். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தும் நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து கைக்குட்டையைப் பேக்கிங் மேஜையில் விரித்தார். உள்ளே இரண்டு பிடி கோதுமை. ஒரு பிடி பழையது, குண்டு குண்டாக இருந்தது. இன்னொன்று புதுசு, மெலிந்து, தோல் சுருங்கி இருந்தது. நான் வருஷக்கணக்காக மைதாவில் புழங்கியவன், கோதுமையை அன்றுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

காஞ்சனா அக்கா ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். பல்லில் வைத்துக் கடித்தார்.

"இது பால் புடிக்கிற நேரத்துல வெயில்ல மாட்டிகினு கீது சார். நெல்லுல கூட இப்டி ஆவும். பூ விட்டு பால் ஏறும்போது அனல் காத்து அடிச்சா மணி ரொம்பாது, பாதி கருக்காயா பூடும். மிச்சம் கீறது இப்டி வத்தலாத்தான் இருக்கும். எந்த ஊர்ல வெளஞ்சுதோ, அந்த ஊர்க்காரனுக்கு இந்த வருஷம் கண்டுமுதல் கொறச்சல்தான், பாவம்."

சார் மறுநாள் காலை மில்காரர் மூலமாக வடக்கே டிரங்க் கால் போட்டுக் கேட்டார். அந்த மூட்டைகள் வந்த பக்கத்தில் கதிர் முற்றும் முன்னாலேயே அனல் காற்று வந்துவிட்டதாம். அக்கா பல்லால் கடித்துச் சொன்னதைத்தான் டெலிபோனும் சொன்னது. மணி நிரம்பாமல் வற்றினால் உள்ளே மாவுச்சத்து குறைந்து புரதம் கூடிவிடும், அரைத்தால் அது தண்ணீரை இழுக்கும் என்று சார் எங்களுக்கு விளக்கினார். எங்கோ ஒரு வயலில் அடித்த வெயில் லாரி ஏறி என் மிக்ஸருக்கு வந்து தண்ணீர் கேட்டிருக்கிறது. அதே நேரத்தில் இங்கே அடித்த வெயில் ஃபேனைத் திருப்ப வைத்திருக்கிறது. இரண்டு வெயிலும் சந்தித்த இடம் ஒரு பாக்கெட் பிஸ்கட்.

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். தண்ணீர் இருபத்தொன்றே ஊற்றினோம், மாவு கேட்டது நியாயம் என்பதால். அடுப்பு பெல்ட்டின் வேகத்தைக் குறைத்தோம். ஃபேனைப் பெண்கள் முகத்துக்கே திருப்பி, பெல்ட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தடுப்புக் கட்டினோம். சார் மூன்றுக்குப் பதில் முப்பது பிஸ்கட் எடுத்து அலமாரியில் அடுக்கினார். விற்பனை அதிகாரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வரை என் மேஜைப் பெண்கள் வேலை செய்வார்கள், அதற்குப் பிறகு உடைந்திருந்தால் முதலில் என்னை நிறுத்துங்கள் என்றார். "என் மேஜைப் பெண்கள்" என்று அவர் சொன்னதை அக்கா வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் என்ன பிரார்த்தனை செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பிஸ்கட் என்று சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சார் அறை வாசலில் பன்னிரண்டு பேரும் நானும் நின்றோம். அவர் அலமாரியைத் திறந்து முதல் பிஸ்கட்டை எடுத்தார். கீறல் இல்லை. காதருகில் கொண்டுபோனார், பிறகு என்ன நினைத்தாரோ, காஞ்சனா அக்காவின் காதருகில் வைத்து ஒடித்தார். டக்கென்று சத்தம் வாசலில் நின்ற எங்களுக்கே கேட்டது. முப்பதும் அப்படியே. முப்பதையும் ஒடித்து முடித்தபோது மேஜை நிறைய உடைசல். "இதுதான்மா இந்த வாரத்துக்குக் கடைசி ஒடைசல்" என்று சொல்லி எங்களுக்கே பங்கு வைத்துக் கொடுத்தார். அக்கா தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆண்பிள்ளை என்பதால் மாவுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒருவருக்கும் வேலை போகவில்லை. எனக்கு மட்டும் ஜூலை ஆர்டர் வரவில்லை. சார் கூப்பிட்டு இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்று மெமோ. பேட்ச் கார்டில் உண்மைக்கு மாறாக எழுதியதற்காகப் பர்மனென்ட் ஆறு மாதம் தள்ளி வைக்கப்படுகிறது என்று இருந்தது. இன்னொன்று புதிதாக அச்சடித்த பேட்ச் கார்டு. தண்ணீர் பதினெட்டு என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம், அதன் தலைப்பு "மாவு கேட்டது". "ஒன் கையப் பொய்யின்னு நான் சொல்லல. கை சொல்லுதத எழுதிப் போடுன்னு சொல்லுதேன்" என்றார். மெமோ கொடுத்த கையாலேயே டீயும் வரவழைத்துக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ஆர்டர் வந்தது.

அந்தக் கட்டத்தை நான் முப்பது வருஷம் நிரப்பினேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒரு கோடு மட்டும் போடுவேன், மாவு ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம். வருஷக்கணக்கில் கோடாகவே ஓடும். பிறகு ஒரு வருஷம் இரண்டு லிட்டர், ஒரு வருஷம் மூன்று. சில வருஷம் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்து, வயலிலேயே முளை விட்ட கோதுமை வந்தது. அந்த மாவு பிசுபிசுவென்று அச்சில் ஒட்டிக்கொண்டு தண்ணீரே வேண்டாம் என்றது. இடையில் கப்பலில் வெளிநாட்டுக் கோதுமையும் வந்தது. எந்தக் கண்டத்தில் விளைந்ததென்று எனக்குத் தெரியாது, ஆனால் அங்கே மழையா வெயிலா என்பதை ஒரு பிடியில் சொல்லிவிடுவேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷங்களில் அந்தக் கட்டத்தில் கோடு போட்ட ஞாபகமே இல்லை. தினமும் ஏதோ ஒரு எண். உலகத்தில் சாப்பாட்டுக்கு என்ன நடக்கிறது என்று பெரிய பெரிய கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அது அந்த ஒரு கட்டம் நிரம்பிய கதைதான்.

இனி சுமதியின் போனுக்கு வருகிறேன். கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார்.

"எழுத முடியல சார். மாவு அஞ்சு லிட்டர், அஞ்சரை கூடக் கேக்குது. கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டத்துல நாலுக்கு மேல போட்டா ஒத்துக்க மாட்டுது. அதனால பசங்க அஞ்சரை ஊத்திட்டு நாலுன்னு போட்டுடறாங்க. நானும் பாத்துகினு சும்மாத்தான் இருந்தேன். யாரு சார் இந்த நாலுன்னு வெச்சது?"

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கார்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்தபோது, சாஃப்ட்வேர் எழுதிய பையன்கள் என்னிடம்தான் கேட்டார்கள், மாவு அதிகபட்சம் எவ்வளவு சார் கேட்கும் என்று. என் கையை விரித்துக் காட்டி, இந்தக் கை பார்க்காத மாவு இல்லை, நாலுக்கு மேல் எந்த மாவும் கேட்காது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அப்போது நான் நின்ற நிமிர்வு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"நான்தாம்மா வெச்சேன்" என்றேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். பையில் 1991ஆம் வருஷத்து மெமோ இருந்தது, சுமதிக்குக் காட்டலாம் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டில் புது செக்யூரிட்டி, என்னைத் தெரியாது. பார்வையாளர் நோட்டை நீட்டினார். பெயர் எழுதினேன், நேரம் எழுதினேன். "வந்த காரணம்" என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தவறாக எழுதியதைத் திருத்த" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, "எப்ப எழுதினது பெரியவரே?" என்று கேட்டார்.

"நாலுக்கு மேல போவாதுன்னு நெனச்சப்போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.